ஊசி போடும் முன் ஒரு கேள்வி

மருத்துவமனையில் மருந்து மாறிவிட்டது என்று கேள்விப்பட்டதும் கோபம் முதலில் நர்ஸ் மேல்தான் பாய்கிறது. ஆனால் டாக்டர் எழுதுவதிலிருந்து மருந்தாளுநர் எடுத்துக் கொடுப்பது, வார்டில் கலப்பது, நோயாளிக்குச் செலுத்துவது வரை எந்த இடத்திலும் பிசகு நுழையலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதற்கென்றே ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்துப் பிசகுகளால் வரும் கடுமையான பாதிப்புகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு.

ஒரு புள்ளி செய்யும் வேலை

1.0 மி.கி. என்று எழுதி, புள்ளி மங்கிப்போனால் அது 10 ஆகிவிடும். .5 என்று எழுதினால் 5 ஆகலாம். அதனால் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியும் கூடாது. தசமப் புள்ளிக்கு முன்னால் சுழி கட்டாயம் வேண்டும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. கிறுக்கலான சீட்டு இன்னமும் கைக்கு வருகிறது என்பதுதான் வேதனை.

இன்சுலினும் இரண்டு மூடிகளும்

நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 25 யூனிட். டாக்டர் சொன்னதைப் போல இரண்டரை மடங்கு! சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, நோயாளி நினைவிழக்கலாம். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கச் சில நொடிகள் போதும். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் பயங்கரமானது. நீர்க்காமல் நேரடியாக நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அதுவும் ஊசி மருந்து கலக்கும் தண்ணீரைப் போன்ற நிறமற்ற திரவம்தான். அதைச் சாதாரண வார்டு அலமாரியில் வைக்காமலிருப்பதே சரியான பாதுகாப்பு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தினமும் விழுங்கியதால் உயிர் போனதும் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது

"சிஸ்டர், இது என்ன மருந்து, எதுக்குப் போடுறீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல நர்ஸ் அதை வரவேற்பார். 'அஞ்சாம் பெட்' என்று கூப்பிட்டு மருந்து கொடுக்க வந்தால் நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள், கைப்பட்டையைக் காட்டுங்கள். படுக்கை மாற்றிய அன்றும் ஷிஃப்ட் மாறும் நேரத்திலும் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், சித்த மருந்து உட்பட எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நர்ஸ் மருந்து கலக்கும்போது எதையும் கேட்காதீர்கள். கவனம் சிதறுவதால் நேரும் பிசகுகள் நிறைய. கலந்து முடிக்கட்டும், பிறகு கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் நாள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள மாத்திரையும் வீட்டு டப்பாவில் உள்ள மாத்திரையும் வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கி, ரத்த அழுத்தம் தாழ்ந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. பழைய டப்பாவையே கொண்டுவந்து காட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகளின் பாராசிட்டமால் சொட்டு மருந்து, சிரப்பைவிடப் பல மடங்கு வீரியமானது. கரண்டியில் ஊற்றவே கூடாது.

மருந்து மாறியதாகச் சந்தேகம் வந்தால் உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். காலி மருந்துக் குப்பியையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். மருந்தால் ஏற்பட்ட பாதிப்பை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம்.