கொரங்காட்டில் விழும் வெயில்

தொடர் – 9

2012-இல் கோவையில் இருந்தவர்களுக்கு அந்த இருட்டு மறந்திருக்காது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இருக்காது. சோமனூரில் தறிச் சத்தம் அடங்கிப்போன வீதியில் நடந்தால் ஊரே இழவு வீடுபோல இருக்கும். கூடங்குளம் அணு உலையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசினோம். நானும்தான் பேசினேன். அதே நாட்களில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் அந்த உலையை எதிர்த்து மீனவப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பயப்படுவது எதற்காக என்று நம்மில் எத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்டோம்?

முதல் உலை 2013 அக்டோபரிலும் இரண்டாவது 2016 ஆகஸ்டிலும் மின்தொடரில் சேர்ந்தன. இரண்டும் சேர்ந்து 2,000 மெகாவாட். அதில் தமிழ்நாட்டுக்கு முதலில் ஒதுக்கப்பட்டது 925. புகைக் கணக்கில் அணுவைக் குறை சொல்ல முடியாது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014-இல் தந்த மதிப்பீட்டில், ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி விடும் கரியமில வாயு 820 கிராம்; அணு 12, காற்று 11, பெரிய சூரியப் பூங்கா 48. ஆனால், எரிந்து முடிந்த எரிபொருள் பல்லாயிரம் ஆண்டுகள் நஞ்சாகவே கிடக்கும். உலையின் சூட்டைத் தணித்த நீர் திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. நமக்கு வெளிச்சம், அந்தக் கரைக்குக் காவல்.

அப்படியானால் காற்றும் வெயிலும் போதுமே என்று சொல்லத் தோன்றும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பிப் பல்லடம், கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் என்று காற்றாலைகள் நிற்கின்றன. பாதிக்கு மேல் நம் மில்காரர்கள் சொந்தத் தேவைக்குப் போட்டவையாகத்தான் இருக்கும். வைகாசியில் தொடங்கும் காற்று புரட்டாசிக்குள் ஓய்ந்துவிடும். சீசனில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தில் வரவு வைத்துவிட்டு, பிறகு எடுத்துக்கொள்ளலாம்; அதை ‘பேங்கிங்’ என்பார்கள். உண்மையில் சேமிப்பில் இருப்பது கணக்கு மட்டும்தான். மாசி மாதம் மில் அந்த யூனிட்டைக் கேட்கும்போது, எங்கோ நிலக்கரியோ அணுவோ ஓடினால்தான் கொடுக்க முடியும். நிஜமாகவே சேமிக்கும் இடம் ஆழியாறுக்கு மேலே காடம்பாறை: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். 400 மெகாவாட். அதைப்போல இன்னும் நான்கைந்து இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

வெயிலின் சிக்கல் வேறு. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். பகலில் மட்டும்தான் விளையும் என்பதால், கூடங்குளத்தின் இரண்டு உலைகள் ஓராண்டில் தரும் யூனிட்டை எடுக்க முப்பதாயிரம் ஏக்கராவது ஆகும். அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? காங்கேயம், மூலனூர்ப் பக்கம் வந்தால், ‘சும்மா கிடக்கிற காடு’ என்று கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் காட்டுகிறார்கள்.

அது சும்மா கிடக்கவில்லை. எங்கள் மாமாவின் ஆறு ஏக்கரைச் சொல்கிறேன். சுற்றிலும் முள்கிளுவை வேலி. அவருடைய அப்பாரு காலத்தில் நட்டது. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். மழை பொய்த்த வருடத்திலும் அந்தப் புல்லும் வெள்வேல நெற்றும்தான் மாட்டைக் காப்பாற்றும். காங்கேயம் மாடு வளர்ந்தது இப்படிப்பட்ட காட்டில்தான். பேனல் வந்தால் நிழல் விழக்கூடாது என்று முதலில் மரம் போகும், பிறகு வேலி. “வேலி கட்ட ஒரு தலமொற ஆச்சுங்க மாப்ள, ஜேசிபி அரை நாள்ல வாரி எறிஞ்சுரும்” என்றார் மாமா.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். கோவையிலும் திருப்பூரிலும் மில் கூரை, குடோன் கூரை, பனியன் கம்பெனிக் கூரை என்று எத்தனை ஏக்கர் தகரம் வெயிலில் காய்கிறது! தொண்ணூறுகளில் நட்ட 250 கிலோவாட் காற்றாலை எட்டைக் கழற்றினால், அதற்கு ஈடாக 2 மெகாவாட் இயந்திரம் ஒன்று போதும். இவற்றை முடித்துவிட்டுக் கொரங்காட்டுப் பக்கம் வரட்டும். அதற்கு முன் புதிதாக ஓர் உலை வேண்டும் என்று இன்னொரு கடற்கரையைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பேனலுக்கு நிலம் கேட்கும் புரோக்கர் மறுபடியும் வந்துவிட்டுப் போனாராம். பக்கத்துக் காட்டுக்காரர் முன்பணம் வாங்கிவிட்டார். மாமா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

(தொடரும்)