கஸ்ப்: அரசனுக்கு மட்டும் உரிய குற்றமா?

ஆட்சியைப் பறிப்பதற்கும் அடுத்தவர் நிலத்தைப் பறிப்பதற்கும் அரபியில் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: 'கஸ்ப்'. பிறருக்கு உரியதை அநியாயமாகத் தன் வசமாக்கிக்கொள்வது என்பது அதன் பொருள். திருட்டு மறைவில் நடக்கும். கஸ்ப் ஊரறிய நடக்கும். 'என்னை யார் கேட்பது?' என்ற துணிவே அதன் அடையாளம்.

திருக்குர்ஆனில் இச்சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது (18:79). கப்பல்களைப் பலவந்தமாகப் பறித்துவந்த அரசனிடம் சிக்காதிருக்கவே, ஏழைகளின் கப்பலை ஹிள்ர் (அலை) அவர்கள் பழுதாக்கினார்கள்.

ஆனால் மார்க்கச் சட்டம் அரசனோடு நிற்கவில்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

வாப்பா மவ்த்தான பிறகு, தங்கையின் பங்கைக் கொடுக்காமல் முழு வீட்டையும் தன் பிடியில் வைத்திருக்கும் அண்ணனும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டவரே. 'அவள் கேட்கவே இல்லையே' என்பது பதிலாகாது. கூச்சத்தால் வாய் திறக்காமல் இருப்பது விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது.

இதற்கு தவ்பா மட்டும் போதாது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அழிந்திருந்தால் ஈடு கட்ட வேண்டும். அனுபவித்த காலத்துக்கு வாடகையும் கடன் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

அநியாயக்கார அரசர்களை நாம் எளிதில் சபித்துவிடுகிறோம். நம் வீட்டுப் பத்திரத்தில் யாருடைய பங்கு அடங்கியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.