மலைப்பாதையில் மார்கழிப் பயணம்: வேனுக்குக் கம்பெனி டயர் போதுமா?

கோபிநத்தம்:

தீபாவளிக்கு மூட்டை கட்டத் தொடங்கும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் முடிந்த பிறகுதான் ஓய்கின்றன. கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் வந்தவர்கள், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்கிறார்கள். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை. சாமி கும்பிட்டுவிட்டு மறுபக்கம் இறங்கினால் பாலாறு. அங்கிருந்து ஒரு பாதை கொளத்தூர், மேட்டூர் போகிறது. இன்னொரு பாதை காட்டுக்குள் நுழைந்து கோபிநத்தத்துக்குப் போகிறது.

வேன் பேசும்போது எல்லோரும் கேட்பவை இரண்டு கேள்விகள்தான். வாடகை எவ்வளவு? எத்தனை பேர் ஏறலாம்? டயர் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் மழையும் மூடுபனியும் சேர்ந்த மாதங்களில் பிள்ளை குட்டிகளோடு இந்த மலையில் ஏறி இறங்குகிறவர்களின் உயிர், நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் இருக்கிறது. ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான்.

எல்லையோர ஊர்

கோபிநத்தம் கர்நாடகத்தில் உள்ள ஊர், பேச்சு தமிழ். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது இந்தப் பகுதியும் அதோடு போயிற்று.

இந்த ஊரின் பெயரை வெளியுலகம் அறிந்தது சந்தன மரக் கடத்தல்காரன் வீரப்பனால். அவன் பிறந்த ஊர் இது. இங்கு மக்களோடு மக்களாகப் பழகி மாரியம்மன் கோயில் கட்ட உதவிய வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் அவனால் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரலில் பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடி வெடித்தது. 2004 அக்டோபர் 18-ந் தேதி வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தது. அந்த நாளில் இந்தப் பாதையில் வந்தவர்கள் பயந்தது துப்பாக்கிக்கு. இன்று பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு.

குளிருக்குத் தனி டயரா?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் குளிர் காலம் வந்ததும் காருக்கு டயர் மாற்றினோம் என்று சொல்வதைச் சிலர் கேட்டிருக்கலாம். நம் வேன்களுக்கும் அது தேவையா என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

ரப்பர் குளிரில் இறுகும். வெப்பத்துக்கென்று செய்த டயர், ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் விறைத்துப்போய்ச் சாலையைக் கவ்வாது. அதற்காகக் குளிர்காலத்துக்கென்று தனி ரப்பர்க் கலவையில், பனியைக் கடித்துப் பிடிக்கும் சிறு சிறு கீறல்களோடு டயர் செய்கிறார்கள். பின்லாந்தின் நோக்கியா நகரில் 1934-லேயே லாரிகளுக்குப் பனிக்கால டயர் செய்துவிட்டார்கள். இத்தகைய டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் முத்திரையாக இருக்கும்.

ஜெர்மனியில் பனிபடர்ந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது 2010 டிசம்பர் முதல் குற்றம். 2024 அக்டோபர் முதல் அந்த மலை முத்திரை உள்ள டயர்தான் அங்கே செல்லும். கனடாவில், மான்ட்ரியல் நகரம் உள்ள கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்கு அது கட்டாயம். டொராண்டோ உள்ள ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்சு கட்டணத்தில் சலுகை தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. நம் நாட்டிலும் மணாலிக்கு மேலே பனி கொட்டும் நாட்களில் டயருக்குச் சங்கிலி கட்டித்தான் வண்டி போக முடியும்.

கோபிநத்தத்துக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் இதெல்லாம் தேவையில்லை. மலைக்கோயில் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில் பல் தந்தியடிக்கும். ஆனால் ரப்பரை விறைக்க வைக்கும் குளிர் அல்ல. ஊட்டியில் சில நாள் புல் மேல் உறைபனி படியும். அங்கேகூட வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். ஆகவே நம் ஊர்க் குளிருக்குத் தனி டயர் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வேனோடு வரும் டயர், டிரைவர்கள் சொல்லும் ‘கம்பெனி டயர்’, தாராளமாகப் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலையில் இருக்க வேண்டும். வாடகை வேன்களில் அடிபடுவது அந்த நிபந்தனைதான்.

கம்பெனி டயரின் குணம்

வேன் டயர் கார் டயரைப் போன்றது அல்ல. பாரம் தாங்குவதற்காகப் பக்கச் சுவர் கனமாக இருக்கும். அதிகக் காற்று பிடிக்கும். நம் வெயிலுக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் ஏற்ற கலவையில் செய்திருப்பார்கள். பழைய வேன்களில் நைலான் டயர்தான். இப்போது பெரும்பாலும் ரேடியல். மைசூரிலேயே விக்ராந்த் டயர் ஆலை இருந்தது, 1997-ல் ஜே.கே. நிறுவனத்தின் கைக்கு வந்த அந்த ஆலை நம் பக்கத்து லாரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

ஈரச் சாலையில் டயர் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலும் இப்போது அளவு வைத்துவிட்டார்கள். கார், வேன், லாரி, பஸ் டயர்களில் புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்த வடிவமைப்புகளுக்கு 2023 ஏப்ரல் முதலும் இந்த விதி. ஆனால் இந்தச் சோதனை புது டயருக்கு. தேய்ந்த டயருக்குச் சோதனைச் சாலை நம் மலைப்பாதைதான்.

பாரம் தாங்கச் செய்த டயருக்கு ஒரு குறை உண்டு. வண்டி காலியாக இருந்தால் அது துள்ளும். பல சிறிய வேன்களில் எஞ்சின் முன்னால். தள்ளும் சக்கரம் பின்னால். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் எடை இருக்காது. ஈரமான கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரைச் சற்று வேகமாக மிதித்தாலும் பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். ஆள் நிறைந்த வண்டிதான் ஆபத்து, காலி வண்டிக்குப் பயமில்லை என்று நினைப்பது தவறு.

வைக்கோலும் ஒரு பனிதான்

ஐரோப்பாவில் சாலை மேல் பனி கிடக்கிறது. கொள்ளேகால், ஹனூர் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் கிடப்பது கேழ்வரகுத் தாளும் கொள்ளுச் செடியும். களம் இல்லாத விவசாயிகள் அறுவடையைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுகிறார்கள். போகிற வரும் வண்டிகள் ஏறி மணி உதிர்கிறது. போலீசார் எச்சரித்தும் இது நின்றபாடில்லை.

காய்ந்த தாள் மேல் பிரேக் பிடித்தால் டயருக்குச் சாலையே கிடைக்காது. தாளோடு சேர்ந்து வண்டியும் நழுவும். இரவுப் பனி விழுந்து நனைந்திருந்தால் இன்னும் மோசம். எத்தனை புது டயராக இருந்தாலும் இங்கே உதவாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, தாள் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல் தாண்டுவதுதான் வழி. தாள் அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. தாண்டிய பிறகு ஓரிடத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்து, சுற்றியிருப்பதைப் பிடுங்கிவிட வேண்டும்.

மலையில் வேறு தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் வளைவுகளில் மண் கரைந்து வந்து படியும். மரநிழலில் உதிர்ந்த இலை ஊறிக் கிடக்கும். மூடுபனியில் பத்தடி தூரத்துக்கு அப்பால் தெரியாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் பாடம். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்போது அதற்கு விலை கொடுக்கிறார்.

பயணி பார்க்க வேண்டியவை

டயரைச் சோதிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. மூட்டைகளை ஏற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும்.

முதலில் பட்டன். டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு வைத்திருப்பார்கள். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் சட்டப்படி அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மழை நாளில் அதுவரை காத்திருப்பதும் சரியல்ல. பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே ஈரச் சாலையில் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். மொட்டை டயர் வெயிலில் ஓடும்; மழையில் தண்ணீர் மேல் மிதக்கும்.

இரண்டாவது காற்று. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் வேன் டயரில் ஏறக்குறைய 2 பவுண்டு காற்றழுத்தம் குறையும். வெயிலில் ஓடிய சூட்டோடு அளந்து, கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் குளிர்ந்த விடியலில் அந்த டயர் தொய்ந்திருக்கும். மழையில் காற்று குறைவாக இருந்தால் பிடிப்பு கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. தார்ச்சாலையில் தேங்கிய தண்ணீரில் தொய்ந்த டயர்தான் சீக்கிரம் மிதக்கும். வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதே சரி. எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். காலி வண்டிக்கு ஓர் அளவு, முழுப் பாரத்துக்கு ஓர் அளவு.

மூன்றாவது வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 3822 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 38-வது வாரத்தில் செய்தது என்று பொருள். அதிகம் ஓடாத வேனில் பட்டன் நன்றாக இருக்கும். ரப்பர் மட்டும் கிழடாகி வெடித்திருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள். பழசிலும் பழசு பெரும்பாலும் அதுதான். காட்டுப் பாதையில் பஞ்சர் ஆனால் கை கொடுக்க வேண்டியதும் அதுதான்.

நான்காவது, முன் சக்கரங்கள். ரீட்ரெட் செய்த டயரைப் பின்னால் போட்டு ஓட்டுவது தொழிலில் வழக்கம். முன்னால் போட்டிருந்தால் அந்த வண்டியில் மலை ஏற வேண்டாம். அது பிய்ந்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

கடைசியாக நம்முடைய பங்கு. டயரில் எழுதியிருக்கும் பாரத்துக்கு மேல் ஏற்றினால் டயர் சூடேறும், பிரேக் திணறும். ஆளுக்கு நூறு ரூபாய் மிச்சம் என்று இன்னும் ஐந்து பேரை நெருக்கி ஏற்றுவது டிரைவர் மட்டும் செய்யும் தவறல்ல. சாமான் ஏற்றும் சிறு லாரியில் தார்ப்பாய் கட்டிக் குடும்பத்தோடு மலைக்குப் போவது சட்டப்படியும் குற்றம்.

கேட்பதில் தவறில்லை

வாடகைக்கு எடுக்கிறவர் டயரைக் குனிந்து பார்த்தால் டிரைவர் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். “அண்ணே, மலை ஏறணும், டயரை ஒரு தடவை பார்த்துக்கலாமா?” என்று கேட்டால் நல்ல டிரைவர் தானே டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வருவார். அவரும் அதே வண்டியில்தான் உட்காரப் போகிறார். வண்டி அவருடையதாக இல்லாமல், முதலாளி டயர் மாற்றித் தரவில்லை என்றால், பயணிகள் கேட்டது அவருக்கும் ஒரு பிடிமானம். ஆட்கள் ஏற மாட்டேன் என்கிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லலாம்.

இந்தப் பயணத்தைச் சேர்ந்து திட்டமிடுகிறவர்கள், கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஒருவரை அனுப்பி வண்டியைப் பார்த்துவிடுவது நல்லது. புறப்படும் இரவில், எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, குழந்தை தூங்கிய பிறகு, முன் டயர் மொட்டை என்று தெரிந்தால் இறங்க யாருக்கும் மனம் வராது. இரண்டு நாள் முன்பு தெரிந்தால் வேறு வேன் பேசிக்கொள்ளலாம்.