நினைவகம் நிறைவதும் கசிவதும்

லினக்ஸ் கணினியின் திரையில் சுட்டி தயங்கித் தயங்கி நகர்வதையும், கேட்ட ஜன்னல் வெகுநேரம் கழித்தே திறப்பதையும் காண்கிறவர், நினைவகம் தீர்ந்துவிட்டதென்று அவசரமாகத் தீர்மானித்து, கண்ணில் படும் பெரிய நிரலின் மேல் பழியைச் சுமத்துவது வழக்கம். நினைவகம் நிறைந்திருப்பது வேறு, நிரல் வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் அது கசிவது வேறு. அவ்விரண்டையும் பகுத்தறிவதே இந்த வைத்தியத்தின் முதற்பாடம்.

முனையத்தில் 'ஃப்ரீ' என்னும் கட்டளையை இட்டால், காலியிடம் சொற்பமாகவே தென்படும். வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடியும் தேவைப்படக்கூடுமென்று கருதி, சும்மா கிடக்கும் இடத்தில் இயங்குதளத்தின் கருவான கெர்னல் சேமித்து வைத்து, நிரல்கள் கேட்கும்போது விட்டுக்கொடுத்துவிடுவதால், அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. 'அவைலபிள்' என்ற பத்தியே நமக்குப் பிரமாணம்.

அடுத்து 'டாப்' கட்டளை. அதில் 'விர்ட்' என்ற எண் பல ஜிபியாக இருந்தாலும் அது பெரும்பாலும் வாக்குறுதியே. நிரல் தொட்ட பிறகுதான், பொதுவாக 4,096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக இடம் வழங்கப்படுகிறது. உண்மையில் குடியிருக்கும் அளவைச் சொல்வது 'ரெஸ்'; அதிலும் ஒரு பங்கு மற்ற நிரல்களோடு பொதுவானதாக இருக்கலாம். அந்த எண்ணைக் காலையிலும் மாலையிலும் குறித்துவைத்து, ஜன்னல்களை மூடிய பின்னும் அது நாள்தோறும் ஏறிக்கொண்டே போகிறதென்று கண்டால், அப்போது சந்தேகிக்கலாம்.

2018-ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட, லினக்ஸின் கினோம் மேசைச்சூழலுக்கு முகப்பான கினோம் ஷெல்லின் கதை இங்கே கவனிக்கத்தக்கது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் கிளைத்து நிற்பவை; குப்பை கூட்டும் பகுதி ஒரு சுற்றில் பெற்றோரை மட்டும் அகற்ற, பிள்ளைகள் அநாதையானது அடுத்த சுற்றில்தான் அதற்குத் தெரியவரும், சுற்றுகளோ அபூர்வம். ஆகவே கசிவென்று பலரும் கருதியதில் பெரும்பங்கு, தாமதமாகக் கூட்டப்பட்ட குப்பையே என்று விளங்கியது. பொருள்கள் கழிவாகும்போதெல்லாம் ஒரு சுற்றுக்கு ஏற்பாடு செய்ததே பரிகாரமாயிற்று.

இத்தகைய திருத்தம் வந்து சேரும்வரை, பழைய எக்ஸ் என்னும் திரைக்காட்சி முறையில் 'ஆல்ட்'டையும் 'எஃப்2'வையும் சேர்த்து அழுத்தி, 'ஆர்' என்று தட்டி 'என்டர்' அழுத்தினால், திறந்த ஜன்னல்கள் கலையாமலே ஷெல் மட்டும் புதிதாகத் துவங்கும். அதற்குப் பின்வந்த வேலேண்ட் முறையில் அந்த வசதி இல்லாமையால், வேலைகளைச் சேமித்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டியதுதான்.