உங்களுக்குத் தெரியுமா? சேணத்துக்கு அடியில் செடி!

ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம்தான் சங்க காலச் செங்கண்மா. அதை ஆண்ட நன்னன், தேடி வரும் கூத்தர்களுக்குப் பொன் சேணம் பூட்டிய குதிரையையே பரிசாகத் தருவானாம். சொல்வது 583 அடி மலைபடுகடாம்!

கழுதைக்கு அந்த யோகம் இல்லை. மிளகு மூட்டை சுமந்து சுமந்து முதுகு தழும்பேறிய கழுதைகள் சுங்கம் வசூலிக்கும் பெருவழியில் போவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆமாம், அப்போதே டோல்கேட்!

சரி, சேணத்துக்கு அடியில் எதை விரிப்பது? சோழர் காலப் படம் எடுக்கிறீர்களா? குதிரை முதுகில் கற்றாழை நார் விரிப்பைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்! தண்டவாளத்தோரம் வேலியாக நிற்கிறதே ரயில் கற்றாழை, அதன் சொந்த ஊர் மெக்சிகோ. கொலம்பஸ் 1492இல் கப்பலேறும்வரை அது கடல் தாண்டவே இல்லை. ராஜராஜன் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது! நகைக்கும் பட்டுக்கும் ஆலோசகர் வைக்கும் சினிமாக்காரர்கள் நாருக்கும் ஒருவரை வைக்கலாம்.

பிறகு எதில்தான் நெய்வது? சணப்பை இருக்கிறதே! பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது உரமாக்குகிறோமே, அதே செடிதான். உழாமல் விட்டால் ஆளுயரம் தாண்டும். அறுத்துக் கட்டி, குட்டையில் சில நாள் ஊறப்போட வேண்டும். பாக்டீரியாக்கள் பசையைத் தின்று தீர்க்கும். நாற்றம் ஊரையே தூக்கும்! அப்புறம் அடித்தண்டை ஒடித்து ஒரே உருவு. நார் ஒரு கையில், வெள்ளைக் குச்சி மறு கையில்! பொதிமாட்டுக் கோணிகள் ஒரு காலத்தில் இந்த நாரில் நெய்தவைதான். இன்று? சிகரெட் சுற்றும் தாளாகிறது!

கடைந்து சாப்பிடும் புளிச்சக்கீரையின் தண்டிலும் நார் உண்டு. கோணியே நெய்யலாம்!

கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட சரிவுகளில் வளரும் மருள் இன்னும் கெட்டி. அதன் நார் வில்லுக்கு நாணாகவே பூட்டப்பட்டது! உங்கள் வரவேற்பறைத் தொட்டியில் நிற்கும் ஸ்னேக் பிளான்ட் அதற்குப் பங்காளி!

விரிப்பு தயார், குதிரைகள்? பாண்டிய நாட்டுக்கு வந்த பயணி மார்க்கோ போலோ வாய் பிளந்தார். 5 அரசர்கள், ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் உயிரோடு மிஞ்சியவை? 100கூட இல்லையாம்!

சேணத்துக்கு அடியில் மட்டுமல்ல, உள்ளேயும் செடி உண்டு. உலகின் மிகப் பழைய சேணங்களில் ஒன்று சீனாவின் யாங்ஹாய் கல்லறையில் கிடைத்தது. வயது 2,400 ஆண்டுக்கு மேல். தோலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வைக்கோல்! கூடவே மான் முடி, ஒட்டக முடி. அதன்மேல் சவாரி செய்வதுபோல் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் ஒரு பெண்!

பொதி சுமக்கும் காலம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரம் ஏறியது கழுதை முதுகில்!