குளிர்நீர்த் தேநீரும் நம் கடைத் தூளும்

சித்திரை, வைகாசியில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடிக்கிற வெயிலில் மதியத்துக்கு மேல் சூடாக டீ குடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. டீத்தூள் வியாபாரம் அந்த இரண்டு மாதமும் மந்தம்தான். இப்போது இளைஞர்கள் இருக்கும் வீடுகளில் வேறொரு முறையைச் செய்து பார்க்கிறார்கள். தேயிலையைக் கொதிக்க வைப்பதில்லை. குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, பால் சேர்த்துக் குடிக்கிறார்கள். 'கோல்டு ப்ரூ' என்று பெயர் சொல்கிறார்கள். "அண்ணாச்சி, ஃப்ரிட்ஜில் ஊறப்போடுற டீத்தூள் இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், இருக்கிற டஸ்ட் தூளையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிற கடைகள் நிறைய. மறுநாள் அதே வாடிக்கையாளர் "கலங்கலாக வந்தது, வாயில் மண் மாதிரி நிற்கிறது" என்று வந்து நிற்பார்.

ஆறிய தேநீர் உலகத்துக்குப் புதிதல்ல. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துப் பொருட்காட்சியில் இந்தியத் தேயிலையை விளம்பரம் செய்யப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், வெயிலில் சூடான தேநீரை யாரும் சீண்டாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். அதற்கு முன்பே அந்நாட்டில் ஐஸ் டீ உண்டு. ஆனால் ஊர் முழுக்கப் பேச வைத்தது அந்தப் பொருட்காட்சி. குளிர்ந்த நீரிலேயே ஊறவைக்கிற முறை ஜப்பானியரிடம் வெகுநாளாக இருக்கிறது.

இனி சரக்குக்கு வருவோம். நம் பகுதியில் விற்பனையாவது பெரும்பாலும் சி.டி.சி. டஸ்ட். 1930-களில் அஸ்ஸாமில் வந்த இயந்திர முறை அது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடுகிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் சட்டென்று நிறமும் கடுப்பும் இறங்கும். டீக்கடைக்கு அதுதான் லாபம். ஆனால் எட்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் நுண்தூள் எல்லாம் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். ஊறப்போட ஏற்றது ஆர்த்தடாக்ஸ் முறையில் சுருட்டிய இலைத்தூள். விலை கூடுதல்தான். அதைச் சொல்லியே விற்கலாம். கேட்டு வருகிறவர் காரணம் தெரிந்தால் கொடுப்பார்.

அதிலும் நம் நீலகிரி இலைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சூடாக இறக்கிய தேநீர் ஆறும்போது, அதிலுள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருளும் ஒன்றுசேர்ந்து பால் கலந்தது போலக் கலங்கும். நீலகிரித் தேயிலை ஆறினாலும் தெளிவாக நிற்கும் என்பதால்தான் ஐஸ் டீக்கு வெளிநாட்டார் அதை விரும்பி வாங்குகிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறிக்கிற இலை மணத்தில் இன்னும் உயர்வு. குன்னூர் ஏலம் 1963 முதல் நடக்கிறது. அங்கே வாங்கும் மொத்த வியாபாரிகளிடம் சொல்லி வைத்தால் நமக்கு வேண்டிய அளவு இலைத்தூள் கிடைக்காமல் போகாது.

செய்முறையை நாமே தெரிந்து வைத்திருந்தால்தான் கேட்கிறவருக்குச் சொல்ல முடியும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். இலைத்தூள் 20 கிராம். பால் சேர்க்கப் போவதால் இந்த அளவு வேண்டும். மூடி போட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் கசப்பும் கலங்கலும் இறங்கும். குளிர்ச்சியில் சர்க்கரை கரையாது, ஆகவே சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த பாகு ஊற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொதிநீர் படாத சரக்கு இது, கிருமி சாகாது. நம் ஊர் வெக்கையில் இரவு முழுக்க வெளியே வைப்பது ஆபத்து.

பால் விஷயத்தில் நம் பகுதிக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலையும் சர்க்கரையையும் விறகடுப்பில் சுண்டக் காய்ச்சியதுதானே. குளிர்நீர்த் தேநீர் இளசாக இருக்கும்; சாதாரணப் பாலை ஊற்றினால் இன்னும் நீர்த்துப் போகும். அரை லிட்டர் பாலை மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை கிளறிக் காய்ச்சி, ஆடை எடுத்து, குளிரவைத்து, இரண்டு பங்கு தேநீருக்கு ஒரு பங்கு ஊற்றினால் சுவை நிற்கும். பால் சேர்த்ததை அன்றே குடித்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது வாடிக்கையாளர் பாடு. நம் பாடு இனிமேல்தான் இருக்கிறது. கொதிக்க வைத்து, பாலும் சர்க்கரையும் இஞ்சியும் ஏலமும் போட்டால் எந்தத் தூளின் குறையும் மறைந்துவிடும். குளிர்ந்த நீர் எதையும் மறைக்காது. சாயம் ஏற்றிய தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால், போட்ட மாத்திரத்தில் சிவப்பாகக் கோடு கோடாக இறங்கும். நல்ல இலை மெதுவாகத்தான் நிறம் விடும். டஸ்ட் கொஞ்சம் விரைவாக நிறம் விடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிறகு தாளைக் குழாய் நீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை நின்றால் சாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் சோதனையே இது; செலவு ஒன்றுமில்லை. மூட்டை வந்தவுடன் செய்துவிடலாம்.

பெயரில்லாத பையில், பில் இல்லாமல், கிலோவுக்கு இருபது முப்பது குறைவு என்று கொண்டுவந்து போடுகிறவர்கள் நம் கடைவீதிக்கும் வருகிறார்கள். பயன்படுத்திய சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றிக் கலக்கிற வேலை நாட்டில் உண்டு என்பது தெரிந்ததே. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தான் யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர்தான் பொறுப்பு. மாதிரி எடுக்க அதிகாரி வருகிற அன்று, கொண்டுவந்து போட்டவர் ஊரில் இருக்க மாட்டார்.

இன்னொன்று, வாசனை. தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி, வத்தல் மூட்டை இவற்றோடு ஒரே அலமாரியில் வைத்த தூளைச் சூடாகப் போட்டுக் குடித்தவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். குளிர்நீரில் ஊறவைத்தவர் முதல் மடக்கிலேயே கண்டுபிடிப்பார். இறுக மூடும் தகர டப்பா, வெயில் படாத மேல்தட்டு, அவ்வளவு போதும். இலைத்தூளை முதலில் இரண்டு கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டாம். 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, கட்டிய தேதியும் அளவும் எழுதி, ஒரு மாதத்தில் தீருகிற அளவு மட்டும் வைத்துப் பாருங்கள்.