கெட்டிக்கார வீரர்... ஆனால் அடிக்கடி காயம்! வாங்கலாமா, வேண்டாமா? தலையை பிய்த்துக்கொள்ளும் கூடைப்பந்து அணிகள்

களத்தில் இறங்கினால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் இறங்குவாரா என்பதுதான் சந்தேகம். இன்றைக்கு முழங்கால், நாளைக்கு கணுக்கால் என்று பாதி நாள் பெஞ்சில்தான் இருப்பார். இப்படிப்பட்ட வீரரை, நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஆளை விட்டுக்கொடுத்து வாங்கலாமா?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து போட்டியில் ஆண்டுதோறும் கிளம்பும் பரபரப்பான கேள்வி இது. இந்த சூதாட்டத்தில் இறங்கி கோப்பையை தூக்கிய அணியும் உண்டு. கையை சுட்டுக்கொண்ட அணியும் உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆளுக்கு ஆள்

என்.பி.ஏ.வில் மொத்தம் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 82 ஆட்டம் ஆட வேண்டும். அதில் தேறினால்தான் 'பிளே ஆப்' சுற்று, அப்புறம் இறுதிப்போட்டி.

இங்கே வெறும் பணத்தை நீட்டி நட்சத்திர வீரரை வாங்கிவிட முடியாது. ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'டிரேடு' என்கிறார்கள். கொடுக்கிற ஆள் போதாவிட்டால், வரும் ஆண்டுகளில் புது இளம் வீரர்களை தேர்வு செய்யும் வாய்ப்பையும் சேர்த்து கொடுப்பார்கள். அதாவது, இன்றைய தேவைக்கு நாளைய விளைச்சலை அடகு வைப்பது மாதிரி.

வந்தவர் காயம்பட்டு உட்கார்ந்தாலும் ஒப்பந்தப்படி சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். அணியின் மொத்த சம்பளத்துக்கு வரம்பு இருப்பதால், அவருக்கு பதில் இன்னொரு பெரிய ஆளை எடுப்பதும் கஷ்டம்.

அதற்காக வீரரை குறை சொல்லவும் முடியாது. உடம்பை வைத்து பிழைக்கிறவர்கள் அவர்கள். அணிக்காக ஓடித்தான் கால் போகிறது.

328 ஆட்டத்தில் 47 தான்!

கையை சுட்டுக்கொண்ட கதைக்கு முதல் உதாரணம் ஆர்லாண்டோ மேஜிக் அணி.

2000-ம் ஆண்டு டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் நட்சத்திரம் கிராண்ட் ஹில். அந்த சீசனில் ஆட்டத்துக்கு சராசரியாக 25.8 புள்ளி குவித்தவர். பிளே ஆப் சுற்றில் இடது கணுக்கால் உடைந்து ஆபரேஷன் ஆனது. இது தெரிந்தும் ஆர்லாண்டோ அவரை இழுத்தது. 7 ஆண்டுக்கு சுமார் 9 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம். பதிலுக்கு பென் வாலஸ், சக்கி அட்கின்ஸ் என்ற 2 வீரர்களை டெட்ராய்டுக்கு கொடுத்தது.

என்ன நடந்தது? முதல் சீசனில் ஹில் ஆடியது 4 ஆட்டம். அடுத்து 14. அதற்கடுத்து 29. நான்காவது சீசனில் ஒன்று கூட இல்லை. 4 சீசனில் 328 ஆட்டத்துக்கு அவர் ஆடியது வெறும் 47.

ஒன்றன் பின் ஒன்றாக ஆபரேஷன். 2003-ல் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி தொற்றி, கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிட்டது.

அந்தப் பக்கம் பென் வாலஸ்? புது வீரர்கள் தேர்வின்போது 1996-ல் எந்த அணியும் சீண்டாத ஆள் அவர். டெட்ராய்டில் 4 முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 2004-ல் டெட்ராய்ட் கோப்பையையே தூக்கியது. ஆர்லாண்டோ 'சில்லறை' என்று நினைத்து கொடுத்தது தங்கமாக இருந்தது!

ஒரே வருஷத்தில் கோப்பை

அடுத்தது இதற்கு நேர் மாறான கதை. கனடாவின் டொரண்டோ ராப்டர்ஸ் அணி செய்த அதிரடி இது.

கவாய் லெனார்டு 2014 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் இருந்தார். தொடை தசை காயத்தால் 2017-18 சீசனில் 9 ஆட்டம்தான் ஆடினார். சிகிச்சை விஷயத்தில் அவர் தரப்புக்கும் அணிக்கும் ஒத்துவரவில்லை.

2018 ஜூலையில் டொரண்டோ அவரையும், டேனி கிரீனையும் வாங்கியது. விலை? 9 சீசனாக டொரண்டோவின் செல்லப்பிள்ளையாக இருந்த டிமார் டிரோசன்! கூடவே ஜேக்கப் போட்லும், 2019-ம் ஆண்டு முதல் சுற்று தேர்வு வாய்ப்பும் போனது.

"விசுவாசமாக இருந்தவனுக்கு இதுதான் மரியாதையா?" என்பதுதான் அப்போது எழுந்த கேள்வி. டிரோசனும் மனம் நொந்தார். அணியின் தலைவர் மசாய் உஜிரி பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். வந்த லெனார்டோ ஒரு வருஷத்தில் கிளம்பிவிடலாம் என்ற நிலை.

டொரண்டோ அவரை கண்ணாடி பாத்திரம் போல கையாண்டது. அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால் ஒன்றில் ஓய்வு. 82-ல் 60 ஆட்டம்தான் ஆடினார். அவர் ஆடாத 22 ஆட்டத்தில் 17-ஐ மற்றவர்களே சேர்ந்து ஜெயித்தார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய கணக்கு.

தேக்கி வைத்த தெம்பு பிளே ஆப்பில் தெரிந்தது. 24 ஆட்டத்திலும் லெனார்டு ஆடினார். பிலடெல்பியாவுடன் நடந்த 7-வது ஆட்டத்தில் கடைசி நொடியில் அவர் போட்ட பந்து, வளையத்தில் 4 முறை குதித்து உள்ளே விழுந்ததை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 2019 ஜூன் 13-ந்தேதி கோல்டன் ஸ்டேட் அணியை வீழ்த்தி டொரண்டோ முதன்முறையாக கோப்பையை கைப்பற்றியது.

அதே இறுதிப்போட்டியில் எதிரணிக்கு காயம்தான் எமனாக வந்தது. கெண்டைக்கால் காயத்தில் இருந்து திரும்பிய கெவின் டூரண்டுக்கு 5-வது ஆட்டத்தில் குதிகால் நரம்பு அறுந்தது. 6-வது ஆட்டத்தில் கிளே தாம்சனின் முழங்கால் போனது.

அதே ஆள்... வேறு கதை

கோப்பை வாங்கிய கையோடு லெனார்டு கிளம்பிவிட்டார். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார். அவருக்கு துணையாக பால் ஜார்ஜும் வர வேண்டும் என்பதால், கிளிப்பர்ஸ் பெரிய விலை கொடுத்தது. ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற இளம் வீரரையும், முதல் சுற்று தேர்வு வாய்ப்புகள் ஐந்தையும் ஓக்லஹோமா சிட்டி அணிக்கு தாரை வார்த்தது. மேலும் ஒருவர் கூடவே போனார்.

2021-ல் கிளிப்பர்ஸ் நன்றாக முன்னேறிய நேரத்தில் லெனார்டின் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. 2024-ல் பால் ஜார்ஜும் வேறு அணிக்கு போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஆடிய காலத்தில் கோப்பை வரவே இல்லை.

விட்டுக்கொடுத்த ஷாய் 2025-ல் லீக்கின் சிறந்த வீரர் ஆனார். அதே ஆண்டு ஓக்லஹோமா சிட்டி கோப்பையை வென்றது!

பல்லைப் பிடித்துப் பார்ப்பது

சந்தையில் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, இங்கேயும் டாக்டர் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் பேசி முடித்த டிரேடையே ரத்து செய்யலாம்.

2025 பிப்ரவரியில் இது நடந்தது. சார்லட் அணியின் மார்க் வில்லியம்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் வாங்க முடிவு செய்தது. பரிசோதனையில் திருப்தி இல்லை என்று சில நாளில் ரத்து செய்துவிட்டது. சில மாதம் கழித்து அதே வீரரை பீனிக்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஒருவர் பார்வையில் ஓட்டை வண்டி, இன்னொருவர் பார்வையில் ஓடுகிற வண்டி!

ஓய்வு கொடுத்தால் ரசிகருக்கு கோபம்

ஓய்வு கொடுத்து ஆட வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. அந்த நட்சத்திரத்தை பார்க்கத்தான் ஜனம் காசு சேர்த்து டிக்கெட் வாங்குகிறது. வந்து பார்த்தால் அவர் கோட் போட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். வயிற்றெரிச்சல் வராதா?

இதனால் 2023-24 சீசனில் என்.பி.ஏ. ஒரு கிடுக்கிப்பிடி போட்டது. குறைந்தது 65 ஆட்டம் ஆடினால்தான் சிறந்த வீரர் உள்ளிட்ட முக்கிய விருதுகளுக்கு தகுதி.

அப்படியென்றால் வாங்கலாமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதே கிராண்ட் ஹில், 2008-09 சீசனில் 36 வயதில் பீனிக்ஸ் அணிக்காக 82 ஆட்டத்திலும் ஆடி அசத்தினார். காயக்காரர் என்று முத்திரை குத்திய ஆளுக்கு சரியான கவனிப்பு கிடைத்தால் கால் மறுபடியும் பேசும்.

ஆனால் வாங்கும் முன்பு 4 கேள்வி கேட்க வேண்டும்.

* என்ன காயம்? உடைந்த எலும்பு கூடிவிட்டதா, அல்லது அதே இடம் திரும்ப திரும்ப தகராறு செய்கிறதா?

* எத்தனை வருஷ ஒப்பந்தம்? ஒரு வருஷம் என்றால் நஷ்டமும் ஒரு வருஷம்தான். 7 வருஷம் என்றால் கழுத்தில் கல்.

* கொடுப்பது யாரை? வயது ஏறியவரையா, இனிமேல்தான் பூக்கப்போகும் பிள்ளையையா?

* அவர் உட்கார்ந்தால் மீதி பேர் தாங்குவார்களா?

நாலாவது கேள்விதான் முக்கியம். டொரண்டோவிடம் அதற்கு பதில் இருந்தது: 22-க்கு 17. கூரை ஏற்கனவே உறுதியாக இருக்கிற வீட்டுக்கு இப்படிப்பட்ட வீரர் கோபுர கலசம். கூரையே இல்லாத வீட்டுக்கு அவரையே தூணாக நட்டால், அந்தக் கால் மடங்கும் அன்றைக்கு வீடும் சேர்ந்து சரியும்.